2005-ம் ஆண்டுக் கணக்கு: பழவேற்காட்டு ஏரிக்கரைத் தம்பி தங்கைகளுக்கு

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், ஜமீலாபாத், தோணிரேவு, இன்னும் பெயர் விட்டுப்போன ஏரிக்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் இருபது வயதைத் தொட்டு நிற்கும் தம்பி தங்கைகளே,

மீன்பிடிக்கிற ஊருக்கு டென்னிஸைப் பற்றி ஒருவன் மடல் எழுதுகிறானா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊர்களில் வாலிபாலுக்குக் கம்பம் நட்டிருக்கிறது, கபடிக்குக் கோடு கிழித்திருக்கிறது, சாயங்காலமானால் மணலில் கிரிக்கெட் நடக்கிறது. டென்னிஸிலிருந்து ஏரிக்கரை வரை வந்து சேர்ந்தது பந்து மட்டும்தான். அதையும் நீங்கள் கிரிக்கெட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். 'டென்னிஸ் பால் மேட்ச்' என்று பேனர் கட்டி, அணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, கோப்பையும் கொடுக்கிறீர்கள். ராக்கெட் பிடித்து ஆடும் ஆட்டமோ நுங்கம்பாக்கத்தோடு நின்றுவிட்டது. பழவேற்காட்டிலிருந்து நுங்கம்பாக்கம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்.

விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைப்பவன் நான். உங்களை ஆட அழைப்பதற்காக இதை எழுதவில்லை; ராக்கெட், ஷூ, பயிற்சியாளர் சம்பளம் என்று அந்த ஆட்டம் கேட்கும் செலவு எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆண்டின் டென்னிஸ் கதையைச் சொல்லி, அதை வைத்து உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். ஆண்டு 2005. "சுனாமி வந்துபோன வருசம் பொறந்தவன்" என்று உங்களில் பலருக்கு வயதுக் கணக்குச் சொல்லும் பாட்டிகள் வீட்டில் இருப்பார்கள். அந்த ஆண்டுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழகக் கரையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் சாவு அதிகம், ஆறாயிரத்துக்கும் மேல். திருவள்ளூர் மாவட்டக் கரையில் உயிர்ச்சேதம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் படகும் வலையும் எஞ்சினும் போயின. அதற்கு மேல் இன்னொரு அடியும் விழுந்தது. கடலில் பிணம் மிதக்கிறது, மீன் தின்னக் கூடாது என்று சென்னையில் ஒரு பேச்சுக் கிளம்பி, பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாமல் போயிற்று. அலை தொடாத வீட்டிலும் உலை வைக்க முடியாத நாட்கள் அவை.

எட்டு நாள் கழித்து, 2005 ஜனவரி 3 திங்கட்கிழமை, நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் சென்னை ஓபன் தொடங்கியது. 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்த ஆண்கள் போட்டி அது. பிறகு புனேவுக்குப் போய்விட்டது. உலகச் சுற்று ஆட்டக்காரர்கள் பலருக்கு ஆண்டின் முதல் வாரம் சென்னையில் விடியும். இங்கே ஒரு வாரம் ஆடி, வெயிலுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு, ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுவார்கள். அந்த ஆண்டு அவர்கள் வந்திறங்கியது மெரினாவில் இன்னும் சேறு காயாத ஊரில்.

இறுதி ஆட்டத்துக்கு வந்த இருவரையும் பாருங்கள். ஒருவர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவைச் சேர்ந்த கார்லோஸ் மோயா. 1998-ல் பிரெஞ்சு ஓபன் வென்றவர், 1999-ல் சில வாரங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தவர், முந்தைய ஆண்டுச் சென்னைச் சாம்பியன். மற்றவர் தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசாபன். அவருடைய நாட்டுக் கரையையும் அதே கடல்தான் அடித்திருந்தது. முதல் செட் பரடோர்னுக்கு, இரண்டாவது மோயாவுக்கு, மூன்றாவது, சமநிலை முறிக்கும் டை பிரேக்கர் வரை போய் மோயாவுக்கு விழுந்தது. கோப்பையை வாங்கிய மோயா, பரிசுப் பணத்தைச் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று கொடுத்துவிட்டார். மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸில் சுனாமி நிதிக்காக முன்னணி ஆட்டக்காரர்கள் காட்சி ஆட்டம் ஆடினார்கள். அதற்கு முன்னின்ற ரோஜர் ஃபெடரர் மறு ஆண்டு யூனிசெஃப் தூதராகி, 2006 டிசம்பரில் கடலூர்ப் பக்கம் வந்து சுனாமியில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார். பழவேற்காட்டுக்கு அவர் வரவில்லை. உங்கள் கரைக்குப் பெரிய ஆட்கள் வந்து போவது எப்போதுமே கொஞ்சம் குறைவுதான்; டச்சுக்காரர்களோடு சரி.

ஜனவரியில் மெல்பர்ன், மே கடைசியில் பாரிஸ், ஜூன் கடைசியில் விம்பிள்டன், ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க். டென்னிஸின் ஆண்டு இந்த நான்கு ஊர்களில்தான் முடிவாகும். கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். நடுவில் நடக்கும் மற்றப் போட்டிகளெல்லாம் இவற்றுக்குத் தயாராகும் வேலை என்று சொன்னால் ஆட்டக்காரர்கள் கோபிக்கலாம், ஆனால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

மெல்பர்னில் அந்த ஜனவரியில் பதினெட்டு வயது ஹைதராபாத் பெண் ஒருத்தி, தரவரிசையில் நேரடி இடம் கிடைக்காமல், 'வைல்டு கார்டு' என்னும் சிறப்பு அனுமதியில் உள்ளே வந்தாள். சானியா மிர்சா. இரண்டு சுற்று வென்று, மூன்றாவதில் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றாள். முதல் செட் 1-6, இரண்டாவது 4-6. அந்த இரண்டாவது செட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அடுத்த நாள் தெருவில் டென்னிஸ் பேசினார்கள். அவளுக்கு முன்னால் வழி வெட்டியவர் நம்மூர்ப் பெண். கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் இதே மெல்பர்னில், கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். பிப்ரவரியில் சானியா தன் சொந்த ஊரிலேயே பட்டம் வென்றாள். மகளிர் உலகச் சுற்றில் இந்தியப் பெண் வென்ற முதல் ஒற்றையர் பட்டம் அது. செப்டம்பரில் நியூயார்க்கில் நான்காம் சுற்று வரை போய் மரியா ஷரபோவாவிடம் தோற்றாள். ஆண்டு முடிவதற்குள் உலகின் முதல் 35 பேருக்குள் வந்துவிட்டாள். சிறப்பு அனுமதிச் சீட்டில் நுழைந்தவளுக்கு இது பத்து மாதக் கதை.

அதே மெல்பர்னின் அரையிறுதியில் ஃபெடரரும் ரஷ்யாவின் மராட் சஃபினும் மோதினார்கள். அன்று சஃபினுக்கு 25-வது பிறந்தநாள். நான்காவது செட் டை பிரேக்கரில் ஃபெடரருக்கு வெற்றிப் புள்ளி ஒன்று கையில் இருந்தது. சஃபின் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அனுப்ப, பின்னால் ஓடிய ஃபெடரர் திரும்பக்கூட நேரமில்லாமல் கால்களுக்கு நடுவே அடித்துப் பார்த்தார். போயிற்று. ஐந்தாவது செட் 9-7 என்று சஃபினுக்கு முடிந்தது. இறுதியில் உள்ளூர்க்காரர் லெய்ட்டன் ஹெவிட்டையும் வென்று சஃபின் கோப்பையை எடுத்தார். ஃபெடரர் அந்த ஆண்டு முழுவதும் ஆடியது 85 ஆட்டம், தோற்றது நான்கே நான்கு. அவற்றில் முதல் தோல்வி இது.

இங்கே கொஞ்சம் நின்று, போட்டி தொடங்கும் முன் நடக்கும் ஒரு சடங்கைச் சொல்ல வேண்டும். கிராண்ட் ஸ்லாமில் ஒற்றையருக்கு 128 பேர். யார் யாரோடு மோதுவது என்று குலுக்கிப் போடுவார்கள். குலுக்கல் என்றதும் எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. தரவரிசையில் மேலே இருக்கும் 32 பேரை முதலில் தனித்தனி இடத்தில் வைத்துவிடுவார்கள். முதலாமவரும் இரண்டாமவரும் பட்டியலின் இரண்டு முனைகளில். இறுதி ஆட்டம் வரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்த 32 பேரில் எந்த இருவரும் முதல் இரண்டு சுற்றில் மோத மாட்டார்கள். மீதி 96 பேருக்குத்தான் உண்மையான குலுக்கல். முதல் சுற்றிலேயே ஃபெடரர் வந்து விழுந்தால் அது அவரவர் தலையெழுத்து. பெரிய ஆட்டக்காரர்கள் கடைசி வரை இருந்தால்தான் டிக்கெட் விற்கும், தொலைக்காட்சி பணம் தரும். அதற்காகச் செய்த ஏற்பாடு. சென்ற ஆண்டு வென்றவனுக்கு இந்த ஆண்டு எளிய வழி. அதில் அவன் மறுபடி வென்றால் அடுத்த ஆண்டும் எளிய வழி.

இப்போது உங்கள் ஏரிக்கு வருகிறேன். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டங்களில் கம்பு நட்டு வலை கட்டி இறால் பிடிக்க, பழவேற்காட்டின் பழைய தலைக்கட்டு ஊர்கள் பல தலைமுறைகளாகப் பாடு முறை வைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. நல்ல இடம் உண்டு, சுமாரான இடம் உண்டு. அதனால் எந்த ஊருக்கு எந்தப் பக்கம், எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாள் என்று சீட்டும் முறையும் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடத்தில் கட்டியவர் நாளை தள்ளிப் போக வேண்டும். சென்ற முறை கூடை கூடையாக அள்ளினார் என்பதற்காக இந்த முறை யாருக்கும் முன்னிடம் கிடையாது. பெரிய படகு வைத்திருப்பவருக்கும் ஓட்டை வலை வைத்திருப்பவருக்கும் சீட்டில் ஒரே அளவுதான் பெயர். கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதற்கு உறவான முறைகள் உண்டு. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உலகத்தின் பணக்கார விளையாட்டுகளில் ஒன்று தன் ஆட்களுக்குச் செய்யாத நியாயத்தை, முழங்கால் தண்ணீரில் நின்று வலை கட்டுகிற உங்கள் தாத்தாக்கள் தங்களுக்குள் செய்துகொண்டார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களில் படித்தவர்கள் சிலர் பாடு என்றால் பழைய பஞ்சாயத்து, கிழவர்கள் காரியம் என்று தோளைக் குலுக்குவதைப் பார்த்திருக்கிறேன். டென்னிஸ் குலுக்கலின் விதிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

(ஓர் இடைக்குறிப்பு. டென்னிஸ் வேறொரு விஷயத்தில் நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது. முதல் சுற்றில் தோற்றவனும் வெறுங்கையோடு போவதில்லை. 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. வென்றவருக்கு 30 லட்சம் பவுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.)

பாரிஸுக்குப் போவோம். அங்கே தரை செங்கல் தூள். பந்து விழுந்து எழும்பி மெதுவாக வரும். பொறுமையும் தொடைப் பலமும் உள்ளவனுக்கான களம். 2005 மே மாதம் மோயாவின் தீவிலிருந்தே ஒரு பையன் முதல் முறையாக அங்கே ஆட வந்தான். பெயர் ரஃபேல் நடால். முந்தைய இரண்டு ஆண்டும் காயத்தால் வர முடியாமல் போனவன். அரையிறுதியில் ஃபெடரரை வென்ற அன்று அவனுக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. இரண்டு நாள் கழித்து அர்ஜென்டினாவின் மரியானோ புவெர்ட்டாவை நான்கு செட்டில் வீழ்த்திக் கோப்பையைக் கடித்தான். அந்தக் களத்தில் இதையும் சேர்த்து அவன் வென்றது மொத்தம் பதினான்கு முறை. புவெர்ட்டா கதை வேறு மாதிரி முடிந்தது. அந்த இறுதி ஆட்டத்தன்று எடுத்த சோதனையில் ஊக்கமருந்து தெரியவந்து தடை விதிக்கப்பட்டார். நடாலுக்குப் பின்னாளில் பயிற்சியாளராக வந்தவர், சென்னையில் பரிசுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போன அதே மோயா. அந்தத் தீவில் நடால் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் இன்று கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி என்ற இளம்பெண் பயிற்சி பெறுகிறாள். மும்பையில் 2025-ல் நடந்த மகளிர் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, பதினைந்து வயதில் அரையிறுதி வரை ஆடியவள்.

விம்பிள்டன் ஆண்கள் பிரிவை ஒரு வரியில் முடித்துவிடலாம்: ஃபெடரர், ஆண்டி ராடிக், மூன்று நேர் செட். நமக்குச் சொந்தமான பெயர் ஒன்றும் பட்டியலில் உண்டு. மதராஸில் பிறந்த மகேஷ் பூபதி, பிரான்சின் மேரி பியர்ஸோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். செப்டம்பரில் நியூயார்க்கிலும் ஸ்லோவாக்கியாவின் டேனியலா ஹண்டுச்சோவாவோடு அதே பட்டம். விம்பிள்டன் புல் தமிழர்களுக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி ஆடினார். 1973-ல் விஜய் அமிர்தராஜும் 1986-ல் ராமநாதனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் காலிறுதி ஆடினார்கள். மூவரும் சென்னையின் கிளப் களங்களில் ஆடியவர்கள். அந்தக் கிளப்புகளின் வாசலை மீன் கூடை தாண்டியதுண்டு, பின்வாசல் வழியாக.

நான் நின்று பேச விரும்புவது விம்பிள்டன் மகளிர் இறுதி ஆட்டத்தைப் பற்றி. அதற்கு முந்தைய நாள் வீனஸ் வில்லியம்ஸ் ஒரு கூட்டத்துக்குப் போனார். நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் நடத்தும் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூட்டம். நாளைக்கு இறுதி ஆட்டம் இருக்கிற பெண், ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில், ஆணுக்குத் தரும் பரிசைப் பெண்ணுக்கும் தாருங்கள் என்று கேட்கப் போயிருந்தார். அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆண் சாம்பியனுக்கு 6,30,000 பவுண்டு, பெண் சாம்பியனுக்கு 6,00,000. முப்பதாயிரம் பவுண்டு அவர்களுக்குப் பெரிய தொகையில்லை. அந்த வித்தியாசத்தை எடுக்க மனமில்லாமல் பல பத்தாண்டுகளாக வைத்திருந்தார்கள். நியூயார்க் 1973-லேயே சமமாக்கியிருந்தது, மெல்பர்ன் 2001-ல். விம்பிள்டனும் பாரிஸும்தான் பிடிவாதம். மறுநாள் வீனஸ், லிண்ட்சே டேவன்போர்ட்டை எதிர்த்து, தோல்வியின் விளிம்பில் ஒரு புள்ளியைக் காப்பாற்றி, 4-6, 7-6, 9-7 என்று வென்றார். இரண்டே முக்கால் மணி நேரம். அதுவரை அங்கே நடந்த மகளிர் இறுதி ஆட்டங்களில் அதுதான் மிக நீளம். 2007-ல் விம்பிள்டன் பரிசைச் சமமாக்கியது. அந்த ஆண்டும் வென்றவர் வீனஸ்தான். சமமான காசோலையை முதலில் வாங்கியதும் அவரே.

தங்கைகளே, இந்த இடத்தை உங்களுக்காகத்தான் விரித்து எழுதினேன். பாடு முறையை மேலே புகழ்ந்தேன், ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண். கல்யாணமான ஆண். சீட்டில் ஏறும் பெயர் அப்பாவுடையது, பிறகு அண்ணனுடையது. இறாலைத் தரம் பிரிப்பது, வியாபாரியிடம் விலை பேசுவது, கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பஸ் ஏறுவது, மீதியைக் கருவாடு போடுவது எல்லாம் உங்கள் அம்மா. அவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. ஏரியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இந்த முறையில் இடமில்லை. பாட்டில் பங்கு கேட்டு மற்றச் சமூகத்தார் எழுப்பிய சண்டைகளையும் இந்த ஏரி பார்த்திருக்கிறது. தனக்குள் இருப்பவர்களிடம் இவ்வளவு நியாயமாக நடக்கிற ஒரு முறை, வெளியே நிற்பவர்களிடம் இவ்வளவு கறாராக இருக்கிறது. டென்னிஸ் இதற்கு நேர்மாறு. குலுக்கலில் பெரியவன் பக்கம் சாய்ந்துகொண்டே, பெண்ணுக்குச் சமமான காசோலை எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது. ஊர்க்கூட்டத்தில் இதைப் பேச வெளியூர்க்காரன் எனக்கு உரிமையில்லை; உங்களுக்கு இருக்கிறது.

நியூயார்க்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வயது ஆந்த்ரே அகாசி, காலிறுதியில் ஜேம்ஸ் பிளேக்கிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டு, ஐந்தாவது செட் டை பிரேக்கரில் மீண்டு, இறுதி வரை வந்து ஃபெடரரிடம் தோற்றார். மகளிரில் பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ் மேரி பியர்ஸை வென்றார். கோடைக்காலப் போட்டிகளிலும் அவரே முதலிடத்தில் இருந்ததால் பரிசு இரட்டிப்பாகி 22 லட்சம் டாலர் கிடைத்தது. அதுவரை பெண்கள் விளையாட்டில் ஒரே வெற்றிக்கு யாரும் வாங்காத தொகை.

இருபது ஆண்டுக்கு முந்தைய ஆட்டங்களின் செட் கணக்கை நான் எப்படி ஒப்பிக்கிறேன்? நினைவாற்றலால் இல்லை. அந்த ஆண்டு யார் யாரோடு ஆடி எத்தனைக்கு எத்தனை என்று ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது. முதல் சுற்றில் தோற்று ஊர் திரும்பியவனின் பெயர்கூட இருக்கிறது. ஆட்டக்காரனின் தரவரிசையே 52 வாரக் கணக்கில்தான் ஓடும். சென்ற ஜனவரியில் வென்ற புள்ளி இந்த ஜனவரியில் உதிர்ந்துவிடும். மறுபடி வென்றால்தான் நிற்கும். எழுதி வைத்திருப்பதால்தான் உதிர்வதும் தெரிகிறது, ஏறுவதும் தெரிகிறது.

உங்கள் ஏரியின் 2005 எங்கே இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு முகத்துவாரம் எப்படி இருந்தது, எந்த மாதம் மணல் மூடியது, ஊர் சேர்ந்து வெட்டியது எப்போது? எந்தப் பாட்டில் இறால் விழுந்தது, எந்தப் பாடு வெறுமையாகக் கிடந்தது? நிவாரணமாகக் கட்டுமரத்துக்குப் பதில் ஃபைபர் படகுகள் வந்தபோது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விட்டுப்போனது? மடவை அன்று என்ன விலை, பச்சை நண்டு என்ன விலை? பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஆளுக்கொரு விதமாக. சிலர் இப்போது சொல்வதற்கு உயிரோடு இல்லை.

இதைச் சும்மா ஆசைக்காகக் கேட்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து உங்கள் ஊர்கள் பல ஆண்டாகப் பேசி வருகின்றன. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வையுங்கள் என்று அதைவிடப் பல ஆண்டாகக் கேட்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்று சொல்லும்போது அன்றைய கூலி என்ன ஆனது என்று கேட்கின்றன. இப்படிப்பட்ட ஒவ்வொரு பேச்சிலும் எதிர்ப்பக்க மேசையில் அச்சடித்த அறிக்கை இருக்கும், அதில் அட்டவணை இருக்கும், எண் இருக்கும். உங்கள் பக்கத்தில் ஐம்பது வயது அனுபவம் எழுந்து நின்று, முன்னே மாதிரி இறால் இல்லீங்க என்று சொல்லும். உண்மை இரண்டாவது பக்கத்தில் இருந்தாலும் குறிப்பேட்டில் ஏறுவது முதல் பக்கம்தான்.

ஆகவே நான் கேட்க வந்த காரியம் இதுதான். ஊருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அலைபேசியில் வேண்டாம், அலைபேசி தண்ணீரில் விழும், ஆண்டுக்கொரு முறை மாறும். தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டு. தேதி, அமாவாசையிலிருந்து எத்தனையாம் நாள், எந்தப் பாடு, யார் முறை, எவ்வளவு இறால், என்ன விலை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா. சீட்டுக் குலுக்கும் நாளில் எந்தச் சீட்டு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். நடால் வென்ற ஆட்டத்தை எழுதியது போலவே முதல் சுற்றில் தோற்றவனையும் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதுபோல வெறும் வலையோடு வந்தவரின் நாளையும் விடாதீர்கள். பின்னால் வாதாடும்போது அந்த நாட்கள்தான் பேசும். உங்கள் பெரியவர்கள் இருக்கும்போதே 2005-ஐயும் கேட்டு முதல் பக்கங்களில் எழுதிவிடுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

நோட்டை எழுதும் வேலை தங்கைகளிடம் இருக்கட்டும். விலை தெரிந்தவர் அம்மா. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக எழுதிப் பழகியது, பெரும்பாலும் நீங்கள். விலைப் பத்தியில் அம்மாவின் பெயரை எழுதுங்கள்: இன்னார் விற்றது, இவ்வளவுக்கு. இருளர் குடியிருப்புக்கும் போய், அங்கே ஏரியில் இறங்குகிற பெண்கள் அன்று பிடித்ததைக் கேட்டு அதே நோட்டில், அதே அளவு எழுத்தில் ஏற்றுங்கள். சீட்டில் யார் பெயர் ஏறுவது என்பதை ஊர்க்கூட்டம் பிறகு பேசிக்கொள்ளட்டும். நோட்டில் பெயர் ஏற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நுங்கம்பாக்கத்துக்கு மகளிர் போட்டி 2022-ல் வந்தது, 2025 அக்டோபர் கடைசியில் மறுபடியும் வந்தது. இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் வென்றார். அடுத்த முறை வரும்போது நேரம் கிடைத்தால் பொன்னேரியில் ரயில் ஏறி வாருங்கள். வரும்போது நோட்டையும் எடுத்து வாருங்கள். உங்கள் ஏரியின் ஒரு வருடத்தைக் கேட்டு எழுத நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஏரியின் இறாலைத் தின்று வளர்ந்த ஒரு சென்னைவாசி